புலவர் வாழ்வைத் தேடிய சைமன் காசிச்செட்டி

நூலைப் பேணிய அளவுக்கு நூலாசிரியரின் வாழ்வைப் பேணாத சமூகம் நமது. பாடல் மனப்பாடமாக இருக்கும். பாடியவர் எந்த ஊரவர், எக்காலத்தவர், எவ்வாறு சீவித்தார் என்று கேட்டால் கர்ணபரம்பரைக் கதையொன்றே விடையாகக் கிடைக்கும். இக்குறையை நவீன காலத்தில் முதலில் உணர்ந்து, அதனை நீக்கத் தனியொருவராக முயன்றவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் கற்பிட்டி தந்த சைமன் காசிச்செட்டி ஆவார்.

1807ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி கற்பிட்டியில் பிறந்த அவர், இளம் வயதிலேயே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அரச சேவையிற் சேர்ந்தார். பின்னர் புத்தளத்தின் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். 1845இல் அப்பதவியைத் துறந்து சிவில் சேவையிற் புகுந்த அவர், சிலாபத்தின் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். இலங்கையில் பல்கலைக்கழகம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மட்டுமன்றி வேறு பல மொழிகளிலும் அவர் பெற்றிருந்த பயிற்சி பெரும்பாலும் சொந்த முயற்சியால் விளைந்ததே.

கற்பிட்டி ஒரு கடலோரத் துறை. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் தமிழைப் பேசி அருகருகே வாழ்ந்த மண். அம்மண்ணின் இயல்பு அவருடைய எழுத்திலும் படிந்திருந்தது. 1834இல், தமது 27ஆவது வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் பற்றிய தகவல்களை அகரவரிசையில் தொகுத்து அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் கோட்டையிலிருந்த திருச்சபை அச்சகத்தில் அச்சாயிற்று. அதில் இலங்கைச் சோனகர் பற்றி அவர் எழுதிய குறிப்புகள், பிற்காலத்தில் அச்சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்தோரால் எடுத்தாளப்பட்டன.

ஆயினும் அவரது பெயரை நிலைநிறுத்தியது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் புளூட்டாக் என்னும் நூலே. புளூட்டாக் என்பார் கிரேக்க, உரோமப் பெரியோரின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்ற பண்டைய ஆசிரியர். அவர் பெயரைத் தாங்கிய இந்நூலில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாறு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லப்பட்டுள்ளது. மன்னரென்றும் வறியவரென்றும், சைவரென்றும் சமணரென்றும் பகுத்து வைக்காமல், எழுத்து வரிசையிலேயே புலவர்களை அவர் நிறுத்தினார். உமறுப்புலவரும் வீரமாமுனிவரும் அந்த வரிசையில் இடம்பெற்றனர். தமிழிலக்கியம் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுடைமையன்று என்பதை வாதமின்றியே உணர்த்திய ஏற்பாடு அது.

அப்பணியின் கடினத்தை இன்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. புறநானூறு அச்சேறியதே 1894இல்தான். சங்க நூல்கள் பலவும் ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்தன. பிறந்த ஆண்டைச் சொல்லும் பதிவேடு இல்லை. புலவர்தம் கடிதங்களோ நாட்குறிப்புகளோ இல்லை. ஒரே பெயரில் பலர் வாழ்ந்ததால் ஒருவரின் செயல் மற்றொருவர் மீது ஏறியது. இந்நிலையில் செவிவழிக் கதைகளை நாடுவது தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. வள்ளுவரையும் ஔவையாரையும் உடன்பிறந்தோராகக் கூறும் கதை அவர் நூலிலும் உண்டு. அவர் கணித்த காலங்கள் பலவற்றைப் பின்வந்த ஆய்வு ஏற்கவில்லை. 1946இல் கொழும்பில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, பேராசிரியர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு வந்தது.

இஸ்லாமிய அறிவுலகம் இத்துறையில் வகுத்த ஒழுங்கு இங்கே நினைக்கத்தக்கது. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்த மரபு அது. 13ஆம் நூற்றாண்டில் பெரியோர் சரித்திர அகராதியொன்றைத் தொகுத்த இப்னு கல்லிக்கான், இறந்த ஆண்டு தெரிந்தவர்களையே பெரும்பாலும் அதிற் சேர்த்தார். அத்தகைய கண்டிப்பைக் கைக்கொண்டிருந்தால் காசிச்செட்டியின் நூல் சில பக்கங்களில் முடிந்திருக்கும். பல புலவர்களின் பெயர்களும் நமக்கு எட்டாமற் போயிருக்கும். உறுதியானதை மட்டும் சொல்வதா, கிடைத்ததையெல்லாம் காப்பதா என்பது எழுத்தாளர் வரலாறு எழுதும் எவரும் எதிர்கொள்ளும் இக்கட்டு. அவர் காப்பதைத் தேர்ந்தார். அதனாலேயே பின்வந்தோருக்குத் திருத்துவதற்கு ஒரு நூல் இருந்தது. ஆனல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தைத் தமிழிலே விரித்தெழுதியபோது, காசிச்செட்டியின் நூல் அவருக்கு முன்னோடியாக அமைந்தது.

தமிழ் புளூட்டாக் வெளியான மறு ஆண்டே, 1860 நவம்பரில், காசிச்செட்டி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. இருநூறு புலவர்களின் வாழ்வை எழுதியவரின் சொந்த வாழ்வைப் பற்றி நாம் பரவலாக அறிந்தது பதவிகளும் ஆண்டுகளும் நூற்பெயர்களுமே.

இது பழங்கதையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளோடு எத்தனையோ குடும்பங்களின் காகிதங்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலர், காசிச்செட்டி வாழ்ந்த அதே புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தனர். அவர்கள் விட்டுவந்த வீடுகளில் புலவர்களின் கையெழுத்துப் பிரதிகளும் இருந்திருக்கும். ஓர் எழுத்தாளரின் வரலாற்றை எழுதப் புகுவோர், காசிச்செட்டியைப் போலவே நினைவுகளை நம்பவேண்டிய நிலையில் இருக்கின்றனர்.

பத்திரிகை மேசைக்கு வரும் நினைவுக் கட்டுரைகள் பலவும் புகழுரைகளாகவே அமைகின்றன. மறைந்தவர் பெருந்தன்மையாளர் என்று அறிகிறோம்; எந்த ஆண்டு எந்த ஏட்டில் முதற்கதை எழுதினார் என்பதை அறிய முடிவதில்லை. தவறுகளும் தோல்விகளும் நீக்கப்பட்ட வாழ்வு வரலாறாகாது. உறவினர் மனம் நோகுமே என்ற தயக்கம் இயல்பானது. ஆயினும் அதற்காக உண்மையை மறைப்பது மறைந்தவருக்குச் செய்யும் மரியாதையன்று.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ களனிக் கரையிலோ முதிய எழுத்தாளர் ஒருவர் நம் அயலில் வாழக்கூடும். அவரது கடிதங்களைத் திகதியிட்டு அடுக்கி வைப்பதற்கும், அவர் சொல்வதை யார், எப்போது கேட்டார் என்று குறித்துப் பதிவதற்கும் பெரும் புலமை வேண்டியதில்லை. நீதிமன்ற வேலைகளுக்கிடையே காசிச்செட்டி செய்தது அதுபோன்ற பணியையே. பிழையோடு எழுதப்பட்டதைப் பின்னொரு நாள் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாமலே அழிந்ததை மீட்க எவராலும் இயலாது.