அப்பாவின் ஆசையா, அர்செனல் அழைப்பா? யார் இந்த டாக்டர் ஆவோ?

1840களில் ஜி.யு.போப் பள்ளி நடத்திய ஊர் சாயர்புரம். மிஷன் பள்ளி, பக்கத்திலேயே மைதானம், சாயங்காலம் ஆனா பந்து. தூத்துக்குடி பக்கம் இது பழகின காட்சி. நாட்டின் மறுகோடியில், நாகா மலையிலுள்ள இம்பூர் மிஷன் வளாகத்தில் துணிப்பந்தை உதைத்து வளர்ந்தவர்தான் தாலிமெரென் ஆவோ. ஒலிம்பிக் போன முதல் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன்.

பிறந்தது 1918, சாங்கி கிராமம். அப்பா போதகர். மகன் டாக்டராகி ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கணும் என்பது அவர் ஆசை. 1935இல் டைபாய்டு காய்ச்சலில் அவர் போய்விட்டார். அந்த ஆசையை மகன் விடவே இல்லை.

கவுஹாத்தி காட்டன் கல்லூரியில் ஆட்டமும் படிப்பும் சேர்ந்தே போனது. 1942இல் கொல்கத்தாவில் மருத்துவ சீட். அடுத்த வருஷமே மோகன் பகான் கிளப் அழைத்துக்கொண்டது. ஹாஃப் பேக் இடம். எதிரணி பந்தை நடுவிலேயே மறிக்கிற வேலை. பிறகு கேப்டனும் ஆனார். பகலில் கல்லூரி வகுப்பு, மாலையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆட்டம். எம்பிபிஎஸ் முடிக்க 1950 ஆகிவிட்டது. அதில் ஆச்சரியம் என்ன இருக்கு?

1948 லண்டன் ஒலிம்பிக். தொடக்க விழாவில் இந்தியக் கொடியைப் பிடித்து நடந்தவர் ஆவோ. ஜூலை 31, எதிரணி பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். சாரங்கபாணி ராமன் அடித்த கோலில் ஸ்கோர் 1-1 ஆனது. ஆனால் இரண்டு பெனால்டி வீண். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. அந்த இரண்டு பெனால்டியில் ஒன்று உள்ளே போயிருந்தாலே கதை வேற!

அர்செனல் கிளப் அவரை ஒப்பந்தத்துக்கு அழைத்தது, படிப்பு இருக்கு என்று மறுத்துவிட்டார் என்று இன்றும் சொல்வார்கள். எப்படியோ, அவர் திரும்பி வந்து படிப்பை முடித்தார். 1953இல் கோஹிமா அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். சாலையே சரியாக இல்லாத மலை அது. பிறகு நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநராகி, 1978இல் ஓய்வு பெற்றார். இறந்தது 1998 செப்டம்பரில்.

இப்போது வடகிழக்கு மாநிலங்களில் அவர் பெயரில் கோப்பை, மைதானம் எல்லாம் உண்டு. அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது 2018இல், அவர் பிறந்து நூறாவது வருஷம். அதைப் பார்க்க அவர் இல்லை.