கிரகரி வாவியும் நான்கு பரப்புக் காணியும்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிரகரி வாவிக் கரையில் நின்று ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும்போது கரை முழுவதும் சனமாக இருக்கும். படகு, குதிரைச் சவாரி, அவித்த சோளம், குளிருக்குச் சால்வை விற்பவர்கள். ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் அங்கே வரிசையாக நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் யார் இந்தக் கிரகரி என்று கேட்டால் ஒரு வெள்ளைக்காரத் தேசாதிபதி என்பார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் இதே பெயரைச் சொன்னால் ஒரு வாவியை யாரும் நினைக்கமாட்டார்கள். அங்கே அந்தப் பெயர் ஒரு சட்டப் பிரிவின் பெயர். பட்டினி கிடந்த குடியானவனிடம் உனக்குச் சோறு வேண்டுமா, காணி வேண்டுமா என்று கேட்ட சட்டப் பிரிவு அது. நிவாரண வரிசையில் நின்றவர்கள், காணியைத் தேடி அலைந்தவர்கள் நாங்கள். அதனால் இந்த மனிதனின் கதையை எங்களுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வில்லியம் ஹென்றி கிரகரி 1816இல் டப்ளினில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் அயர்லாந்தின் பிரித்தானிய நிர்வாகத்தில் நீண்ட காலம் மிகப் பெரிய அதிகாரியாக இருந்தவர். பாட்டனாரின் தகப்பன் கிழக்கிந்தியக் கம்பனியில் பணம் சேர்த்தவர். வங்காளத்தில் உழைத்த அந்தப் பணத்தில்தான் 1768இல் கோல்வே மாவட்டத்தில் கூல் என்ற பெருந்தோட்டம் வாங்கப்பட்டது. ஆக, அயர்லாந்தின் குடியானவர்கள் குத்தகை கட்டிய அந்தக் காணி ஆசியாவில் சேர்த்த செல்வத்தில் வந்தது. பேரன் பின்னர் ஆசியாவுக்கே ஆள வந்தார்.

ஹரோ பாடசாலையிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்த இளைஞனுக்கு இரண்டு விடயங்களில் ஆசை இருந்தது. ஒன்று அரசியல், மற்றது குதிரைப் பந்தயம். 1842இல் டப்ளின் நகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போனார். வயது 26கூட நிறையவில்லை. அழகாகப் பேசுபவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. பந்தயத்தில் இழந்த பணமோ கணக்கில்லாதது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. உருளைக்கிழங்கு என்றால் எங்களுக்குக் கறி. அங்கே இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு அதுதான் சோறு. சிறிய துண்டுக் காணியில் ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாட்டைக் கிழங்காக விளைவித்து, மற்றதையெல்லாம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இருந்தவர்கள் அவர்கள். 1846இல் பயிர் முற்றாக அழுகியது. 1847இல் சனம் வீதியோரங்களில் செத்து விழுந்தது.

அந்த வருடம் லண்டனில் நிவாரணச் சட்டம் ஒன்று விவாதிக்கப்பட்டது. அதில் கிரகரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கும் எவருக்கும் பொது நிவாரணம் இல்லை. நிவாரணம் வேண்டுமென்றால் காணியை விட்டுக்கொடுக்க வேண்டும். 117 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 7 பேர்.

கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். எங்கள் கணக்கில் நான்கு பரப்பு. யாழ்ப்பாணத்தில் நான்கு பரப்பில் ஒரு வீடும் கிணறும் கொஞ்சம் தோட்டமும் வைத்திருப்பவரை யாரும் பணக்காரர் என்று சொல்வதில்லை. அயர்லாந்திலும் அப்படித்தான். ஐந்து ஏக்கர் குத்தகைக் காணி வைத்திருந்தவன் வீட்டிலும் அந்த வருடம் சாப்பாடு இல்லை, ஏனென்றால் அந்த ஐந்து ஏக்கரிலும் விளைந்தது அழுகிவிட்டது.

காணியை விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன நடந்தது என்பதுதான் கதையின் கொடிய பகுதி. பல இடங்களில் காணியோடு வீட்டையும் விடச் சொன்னார்கள். குடும்பம் வெளியே வந்ததும் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். வறியோர் இல்லத்துக்குப் போன குடும்பத்துக்குத் திரும்பி வர இடம் இருக்கவில்லை. அங்கே போனவர்களில் பெருந்தொகையானோர் காய்ச்சலில் செத்தார்கள். இன்னும் பலர் காணியை விட மறுத்தார்கள். விதைப்புக் காலம் வரும், நோய் போய்விடும், காணி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இருந்தபடியே செத்தார்கள். காணி தகப்பனின் பெயரில் இருந்ததால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும்கூட நிவாரணம் மறுக்கப்பட்டது. அவர்களுக்காவது கொடுக்கலாம் என்று விளக்கம் வந்தது 1848இல்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியலாம். சாகும் நேரத்தில் காணி எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. என் அம்மா பொக்கணையிலும் முள்ளிவாய்க்காலிலும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். கிளிநொச்சிக் காணியின் பெமிற்றை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அந்தக் கடுதாசியால் ஒரு பிடி அரிசிகூட வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதை விடவில்லை.

இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிவாரணச் செலவை உள்ளூர் நில உடைமையாளர்களின் வரியிலிருந்தே எடுப்பது என்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. செலவு கூடினால் தாங்கள் முறிந்துபோவோம் என்று அவர்கள் பயந்தார்கள். அதோடு, சிறு துண்டுக் காணிகளை ஒழித்துப் பெரிய பண்ணைகளாக்கினால் நாடு முன்னேறும் என்று அன்றைய பொருளாதாரம் தெரிந்தவர்கள் நம்பினார்கள். பஞ்சத்தை அதற்கான வாய்ப்பாகப் பலர் கண்டார்கள். 1841இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் சனத்தொகை 1851இல் சுமார் 65 இலட்சமாகியது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். இவ்வளவுக்கும் அந்த ஒரு பிரிவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காணியிலிருந்து சனத்தைக் கிளப்பிய கருவிகளில் அதைப்போல் வேலை செய்தது குறைவு.

கிரகரி கொடியவரா? தன் சொந்தத் தோட்டத்தில் அவர் இரக்கமுள்ள காணிக்காரர் என்றே பெயர் எடுத்தார். அவருடைய தகப்பனார் அதே 1847இல் பஞ்சத்தில் கிடந்த தன் குடியானவர்களிடையே போய்வந்து, அவர்களிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் இறந்தார். வயதான காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், அந்தப் பிரிவின் உடனடி விளைவு கடுமையானது என்று கிரகரி ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் நாட்டை முழுப் பிச்சைக்காரத்தனத்திலிருந்து அது காத்தது என்றே வாதிடுகிறார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். அழிக்க நினைத்து எழுதியவர் அல்ல அவர். நல்லது செய்வதாக நினைத்து எழுதினார், சாகும்வரை அப்படியே நினைத்தார்.

அதன் பிறகு அவருடைய சொந்தக் காணியும் போனது. பந்தயக் கடன் கழுத்தை நெரிக்க, 1857இல் கூல் தோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவை விற்க நேர்ந்தது. அதே ஆண்டு கோல்வே மாவட்டத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் திரும்பினார். அங்கே அவருடைய அக்கறைகள் ஒரு பிடிக்குள் அடங்காதவை. ஓவியம், நூதனசாலை என்றால் உயிர். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறங்காவலராகவும் ஆனார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ அடிமை முறையைக் காத்து நின்ற தென்மாநிலங்களின் பக்கம் பேசினார். இந்த முரண்களை ஒரே மனிதனுக்குள் எப்படி அடுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுக்கத் தேவையும் இல்லை.

1872இல் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார். அவருக்கு வயது 55. அதே வருடம்தான் முதல் திருமணமும் நடந்தது. மனைவி எலிசபெத் அடுத்த வருடமே இந்த நாட்டில் இறந்துபோனார்.

அந்த 1873இல்தான் நுவரெலியா வாவி உருவானது. பீதுருதலாகலையின் அடிவாரத்தில் சதுப்பாகக் கிடந்த நிலத்தில் ஓடையை மறித்து நீரைத் தேக்கினார்கள். அதற்கு முன்னரே அந்த ஊர் வெள்ளைக்காரர்களின் குளிர்வாசத் தலமாக இருந்தது. 1820களில் தேசாதிபதி பார்ன்ஸ் கட்டிய மாளிகை பின்னர் கிராண்ட் ஹோட்டலானது. நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன் 1848இல் இங்கே இங்கிலாந்துப் பசுக்களோடும் உழவர்களோடும் வந்து ஒரு குடியேற்றம் அமைத்தார். 1876இல் ஹில் கிளப் தொடங்கியது. வாவியும் வந்ததும் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் படம் பூர்த்தியானது போலாயிற்று. சுற்றியுள்ள மலைகளில் கோப்பி பயிரிட்டது தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர். என் தகப்பனாரின் குடும்பமும் நுவரெலியாவை அண்டிய ஒரு தோட்டத்து லயனில் இருந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது.

கிரகரியை நல்ல தேசாதிபதி என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதற்குக் காரணம் நுவரெலியா அல்ல, நுவரகலாவிய. அப்போது அது வட மாகாணத்தின் பகுதி. அரசாங்க அதிபர் இருந்ததோ யாழ்ப்பாணத்தில். குளங்கள் உடைந்து, பறங்கி நோய் பிடித்து, பட்டினியில் கிடந்த கிராமங்களைப் பார்த்து அவர் உண்மையாகவே கலங்கினார். 1873இல் அந்தப் பகுதியைப் பிரித்து அனுராதபுரத்தைத் தலைநகராகக் கொண்டு வடமத்திய மாகாணத்தை உருவாக்கினார். குளக்கட்டைக் கிராமத்தவர் திருத்தினால் மதகை அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் என்ற திட்டத்தை நடத்தினார். வட மாகாணத்தை வெட்டிய முதல் வெட்டு இது என்று எங்களில் சிலர் எழுதுவதுண்டு. அன்றைய காரணம் தூரமும் குளங்களும்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நூறு வருடத்துக்குப் பிறகு நடந்தவற்றைக் கிரகரியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒரே மனிதர் அயர்லாந்தில் பசித்தவனிடம் காணியைக் கேட்டார், இங்கே பசித்தவனுக்குக் குளத்தைக் கொடுத்தார். மனம் மாறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் நான் பணத்தையும் பார்க்கிறேன். அங்கே நிவாரணச் செலவு அவருடைய வர்க்கத்தின் பையிலிருந்து போக வேண்டியிருந்தது. இங்கே 1870களின் கோப்பி விலையால் திறைசேரி நிரம்பியிருந்தது. குளங்களுக்கும், கொழும்புத் துறைமுக அலைதடுப்புக்கும், 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த கொழும்பு நூதனசாலைக்கும் அந்தக் கோப்பிப் பணம்தான் கை கொடுத்தது.

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து போனவர்கள். கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்களை அந்தப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கிரகரி புதிதாக உருவாக்கிய மாகாணத்தின் ஊடாகத்தான் பாதை போனது. அவருடைய ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1876இல், சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் தொடங்கியது. அங்கே நிவாரண வேலை செய்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு இறாத்தல் தானியம் போதும் என்று இன்னொரு அதிகாரி கணக்கிட்டார். அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

1877இல் கிரகரி ஊர் திரும்பினார். 1880இல், தன்னைவிட 35 வயது இளையவரான அகஸ்ரா பேர்ஸியை மணந்தார். எகிப்தில் அந்நியப் பிடிக்கு எதிராக எழுந்த அராபி பாஷாவுக்காக இருவரும் லண்டனில் எழுதினார்கள், வாதாடினார்கள். அராபி தோற்றதும் 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்த இடம் இலங்கை. கிரகரி 1892இல் இறந்தார். மனைவி லேடி கிரகரி என்ற பெயரில் அயர்லாந்தின் மறுமலர்ச்சி எழுத்தாளரானார். 1904இல் டப்ளினில் அபே நாடக அரங்கைத் தொடக்கியவர்களில் ஒருவர். கணவனின் சட்டத்தால் ஊர் விட்டுப் போனவர்களின் மொழியையும் கதைகளையும் குடிசை குடிசையாகப் போய்ச் சேகரித்தவர் அவர். ஒரே மகன் முதலாம் உலகப் போரில் 1918இல் விமானியாக இறந்தான்.

கூலிலும் ஒரு வாவி இருக்கிறது. அங்குள்ள நிலம் எங்கள் யாழ்ப்பாணத்தைப் போல் சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணறு தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ஆறு திடீரென்று நிலத்துக்குள் போகும், வேறெங்கோ வெளியே வரும். மாரியில் வாவி பெருகும், கோடையில் நீர் கீழே இறங்கிப் புல்வெளியாகும். அதன் அன்னங்களை யேற்ஸ் என்ற கவிஞர் உலகத்துக்குத் தெரியவைத்தார்.

கொழும்பு நூதனசாலையின் முன் கிரகரியின் சிலை இன்றும் நிற்கிறது. கூலில் அவருடைய குடும்ப வீடு காணியோடு அரசின் கைக்குப் போய், 1941இல் இடிக்கப்பட்டது. அத்திவாரம் மட்டும் புல்லுக்குள் தெரிகிறது. தோட்டம் இப்போது பொதுப் பூங்கா.