ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவும் அவர் குடும்பமும்

கைத்தொழிற் புரட்சி பற்றிய வரலாற்றுப் பாடத்தில் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் பெயரை நாம் எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருப்போம். தொழிற்சாலைச் சட்டம், சுரங்கச் சட்டம், ஆண்டுகள், அவ்வளவுதான். பின்னாளில் மனநோய் வைத்தியத்தின் வரலாற்றைப் படித்தபோது அதே பெயர் எனக்கு மறுபடியும் எதிர்ப்பட்டது. மலர்க்குழுவினர் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டதும் அவரையே தெரிந்துகொண்டேன்.

அந்தோனி அஷ்லி கூப்பர் 1801 ஏப்ரல் 28ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் பின்னர் ஆறாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபு ஆனவர். தாயார் மால்பரோக் கோமகனின் மகள். செல்வமும் பட்டமும் நிறைந்த வீடுதான், ஆனால் பிள்ளைகளிடம் அன்பு காட்டாத வீடு. தகப்பன் கடுமையானவர், தாய்க்கு விருந்துகளே உலகம். அந்த வீட்டில் மரியா மில்லிஸ் என்ற வயதான பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பையனை மடியில் இருத்தி வேதாகமக் கதை சொன்னவளும், செபம் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. அவர் சிறுவனாக இருக்கும்போதே அவள் இறந்துவிட்டாள். தன் பொன் கைக்கடியாரத்தை... இல்லை, அக்காலத்தில் கைக்கடியாரம் ஏது, சட்டைப்பையில் வைக்கும் கடியாரத்தை அவருக்கென்று விட்டுச் சென்றாள். முதுமை வரை அவர் வேறு கடியாரம் வைத்துக்கொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிநேகிதி தந்தது என்று பார்ப்பவர்களுக்குக் காட்டுவாராம்.

ஹரோ பாடசாலையிற் படித்த நாளில் ஒரு ஏழையின் சவப்பெட்டியைக் குடிகாரர்கள் தள்ளாடித் தூக்கிவந்து வீதியிலே தவறவிட்டதை அவர் கண்டார். ஏழைகளுக்காக உழைப்பது என்ற தீர்மானம் அன்று பிறந்தது என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். ஒக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறி, 1826இல் பாராளுமன்றம் சென்றார். தந்தை உயிரோடிருந்ததால் அப்போது அவர் அஷ்லிப் பிரபு.

சபையில் அவருடைய முதற்பேச்சு 1828இல், மனநோயாளர் பற்றியது. குரல் எழும்பாமல், பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு இலண்டன் பெத்னல் கிரீனில் இருந்த தனியார் விடுதியொன்றைத் தெரிவுக்குழு விசாரித்தது. நோயாளரைச் சனிக்கிழமை பின்னேரம் வைக்கோல் பரப்பிய தொட்டில்களிற் சங்கிலியால் பிணைத்து, திங்கட்கிழமை வரை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு குளிர் நாளென்றும் பாராமல் முற்றத்திற் பச்சைத் தண்ணீரால் கழுவுவார்கள். வேலையாட்களுக்கு ஞாயிறு ஓய்வு வேண்டுமே! 1828இல் நியமிக்கப்பட்ட ஆணையாளர்களில் ஒருவரானார் அஷ்லி. சில ஆண்டுகளில் தலைவரானார். 1845ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளருக்கு வைத்தியசாலை கட்டவேண்டும் என்றாயிற்று. ஆக 57 வருடங்கள், இறக்கும் வரை, சம்பளம் இல்லாமல் அந்த ஆணைக்குழுவில் இருந்தார். அவருடைய பணிகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். வாக்குக் கிடைக்காத, கைதட்டல் கிடைக்காத வேலை இது.

மனநோயை அறிய வைத்தியர் தேவையில்லை, புத்தியுள்ள எவரும் சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. வைத்தியராகிய எனக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய விடுதிகள் பலவற்றை இலாபத்துக்கு நடத்தியவர்களில் வைத்தியர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் அவர்மேற் கோபம் வரவில்லை.

1830இல் எமிலி கூப்பரை மணந்தார், வீட்டில் மின்னி. பிரதமர் மெல்பன் அவளுடைய தாய்மாமன். தாயார் பின்னர் பாமர்ஸ்டனை மறுமணம் செய்ததால் இன்னொரு பிரதமரும் உறவானார். பக்திமானும் பழைமைவாதியுமான அஷ்லிக்கு இந்தக் குடும்பம் பொருந்தாது என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. 1833இல் தொழிற்சாலைப் பிள்ளைகளின் பிரேரணையை எடுத்து நடத்தும்படி அவரைக் கேட்டபோது, பகையும் நட்டமும் வரும் என்று மனைவியிடம் சொன்னார். உங்கள் கடமையென்றால் செய்யுங்கள், வருவது வரட்டும் என்பதாக அவள் பதில் இருந்தது.

1842இல் வெளியான சுரங்க அறிக்கையில் படங்களும் இருந்தன. இடுப்பில் வாரும் சங்கிலியும் பூட்டி, நாலு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டியை இழுக்கும் சிறுமிகளின் படங்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் காற்றுக் கதவைத் திறந்து மூட இருட்டிலே நாள் முழுதும் தனியே இருந்தார்கள். அஷ்லியின் சட்டத்தால் பெண்கள் எவரும், பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் நிலத்தடியில் வேலை செய்வது அவ்வாண்டே தடையாயிற்று. பத்து மணித்தியாலச் சட்டத்துக்கு 1847 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தானியச் சட்டம் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டதால் தம்மைத் தெரிந்த தொகுதியை ஏமாற்றக்கூடாதென்று 1846இல் பதவி விலகியிருந்தார். ஆகவே அது நிறைவேறியபோது அவர் சபையிலேயே இல்லை.

எல்லாவற்றிலும் அவர் முற்போக்கானவர் என்று சொல்லமாட்டேன். வாக்குரிமை விரிவதைக் கண்டு பயந்தார், பிடிவாதக்காரர், அடிக்கடி மனச்சோர்வில் அமிழ்ந்தார். டோர்செட் கூலிகளின் குடிசைகளைப் பற்றிப் பேசியதால் தகப்பனுக்கும் அவருக்கும் பெரும் பிளவு ஏற்பட்டது. 1851இல் பட்டமும் நிலமும் கைக்கு வந்தபோது பார்த்தால், சொந்த ஊராகிய விம்போன் சென் ஜைல்ஸிலேயே குடிசைகள் பன்றிக்கூடுகள் போலிருந்தன. கையில் பணமில்லை. கடன்பட்டுத் திருத்தினார். நம்பிய காரியஸ்தர் வேறு மோசம் செய்தார்.

பிள்ளைகள் பத்துப் பேர். பிரான்சிஸ் 16 வயதில், 1849இல், ஹரோவிற் படிக்கும்போதே இறந்தான். மொரிஸுக்கு வலிப்பு நோய். அக்காலத்தில் வலிப்புக்காரர் பலர் போய்ச் சேர்ந்த இடம் மனநோய் விடுதிதான். அந்த விடுதிகளுக்கெல்லாம் மேலாளாக இருந்தவரின் மகன் அவன். நாடு விட்டு நாடு போய் 1855இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் இறந்தான். மகள் மேரி 1861இல் போனாள். 1872 ஒக்டோபரில் மின்னி. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மகள் கொன்ஸ்டன்ஸ், நெஞ்சு நோயால். வலிப்பு வந்த பிள்ளையை இன்றும் வீட்டுக்குள் மறைத்து வைக்கும் பெற்றோரை நான் சந்திக்கிறேன். அந்தக் காலத்தில், 57 வருடம் அந்த ஆணைக்குழுவில் இருந்து அடுத்தவர் பிள்ளைகளின் கோவைகளைப் பார்த்த அந்தத் தகப்பனின் மனதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இலண்டன் தெருவியாபாரிகள் அவருக்கு ஒரு கழுதையை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பிரபுவும் சந்தோஷமாக வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் வளர்த்தார். 1885 ஒக்டோபர் 1ஆம் திகதி போக்ஸ்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஆராதனை நடந்தது, ஆனால் அங்கே புதைக்கவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்ததால் உடலை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பிக்காடிலியில் 1893இல் எழுந்த சிறகுள்ள சிலை அவர் நினைவாகத்தான். இன்று அதைப் பார்ப்பவர்கள் ஈரோஸ் என்கிறார்கள்.

பட்டம் மூத்த மகனுக்குப் போனது. அவர் எட்டாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவாக இருந்தது ஏறக்குறைய ஆறு மாதம். 1886 ஏப்ரலில் இலண்டன் வீதியொன்றில், ஒரு வாடகை வண்டிக்குள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.