பல குலங்களுக்கு ஓர் ஆசான்

ஐரோப்பியர் கிழித்த எல்லைக்குள் அகப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட குலங்கள் ஒரே தேசமாவது எங்ஙனம்? தன்சானியாவின் யூலியஸ் நைரேரேயின் வாழ்வை நோக்குங்கள்.

1922இல் புட்டியாமாவில், சனாக்கி என்னும் சிறு குலத்தின் தலைவருக்கு மகனாகப் பிறந்தார். 1943இல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்க பாடசாலைகளிற் படிப்பித்தார். பின்னர் அப்பணியைத் துறந்து விடுதலை இயக்கத்தை வழிநடத்தினார். 1961 டிசெம்பர் 9இல் தங்கனிக்கா சுதந்திரமடைந்தது. 1964இல் சன்சிபாருடன் இணைந்து தன்சானியாவாயிற்று.

பெருங்குலம் ஒன்றின் மொழியை அவர் பிறர்மேற் சுமத்தவில்லை. வணிகத்தால் பலருக்கும் பழகியிருந்த சுவாகிலியையே தேசிய மொழியாக வளர்த்தார். தாமே சேக்ஸ்பியரின் நாடகங்களை அதில் மொழிபெயர்த்தார்.

குறைகளும் உண்டு. எதிர்க்கட்சிகளுக்கு இடமளித்தாரில்லை. 1970களில் குடியானவர்களைக் கட்டாயமாகப் புதுக் கிராமங்களிற் குடியேற்றினார், வறுமை தீரவில்லை. எனினும் 1985இல் தாமாகவே பதவி துறந்து ஊர் திரும்பினார். 1999இல் காலமானார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் முயற்சியை முசோமா மறைமாவட்டம் 2005இல் ஆரம்பித்தது.

சிந்தியுங்கள். அவருடைய பொருளாதாரம் தோற்றது, தேசமோ சிதறவில்லை. ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் மற்றப் பிள்ளைக்கு மாற்றாந்தாயாகவும் இருக்கும் நாடு நிலைப்பதில்லை. இதை அறிந்தே அவர் அத்திவாரமிட்டார். இளம் நாடுகளின் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது.