இலவசக் கல்வியின் தந்தை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா (1884 – 1969)

இளமையும் அரசியலும்

கன்னங்கரா அம்பலாங்கொடைப் பகுதியிலுள்ள ரந்தொம்பையில் 1884 ஒக்டோபர் 13 ஆம் திகதி பிறந்தார். புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மன்ட் கல்லூரியிற் கற்றுச் சட்டத்தரணியானார். 1923 இல் சட்டநிரூபண சபைக்கும் 1931 இல் அரசாங்க சபைக்கும் தெரிவானார். அரசாங்க சபையின் கல்வி நிர்வாகக் குழுத் தலைவர் என்ற வகையில் 1947 வரை கல்வி அமைச்சராகவும் விளங்கினார்.

சட்டமூலத்தின் பின்னணி

அக்காலத்தில் தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. எனினும், உயர் பதவிகளுக்கு வழிவகுத்த ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் அறவிடப்பட்டது. இதனால் திறமை இருந்தும் வறிய பிள்ளைகள் பின்தங்கினர்.

சபையிலும் மக்களிடையிலும்

இவரது தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1944 மே மாதம் அதன் விதப்புரைகளை இவர் சபையில் முன்வைத்தார். செலவு அதிகம் என்றும், உதவி பெறும் பாடசாலைகளின் உரிமை பறிபோகும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. கன்னங்கரா பொதுக்கூட்டங்களில் மக்களுக்குத் திட்டத்தை விளக்கினார். மக்கள் கையொப்பமிட்ட ஆதரவு மனுக்களும் சபையை அடைந்தன. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பிள்ளைகளுக்காக 54 மத்திய கல்லூரிகளும் நிறுவப்பட்டன.

தோல்வியும் நிலைத்த பயனும்

1947 பொதுத் தேர்தலில் மத்துகம தொகுதியில் இவர் தோல்வியடைந்தார். 1952 இல் அகலவத்தையில் வெற்றி பெற்று உள்ளூராட்சி அமைச்சரானார். 1969 செப்டெம்பர் 23 இல் காலமானார். வாக்காளர் இவரைக் கைவிட்டபோதும், இவரது சட்டத்தின் பயன் அவர்களின் பிள்ளைகளை விட்டு நீங்கவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த திகதி யாது?
2. அதற்கு எழுந்த எதிர்ப்புக்கான காரணங்கள் இரண்டு தருக.
3. மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டதன் நோக்கத்தை விளக்குக.