கண்ணாடித் தகட்டில் வானத்தை அளந்தவர்

சென்ற தவணையில் எங்களுக்கு ஒரு குழுப் பணி இருந்தது. வளாகப் பேருந்துக்கு மாணவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதே தலைப்பு. குழுவில் நால்வர். மூவர் வரைபடம், விளக்கம், முடிவு என்று பிரித்துக்கொண்டோம். நான்காமவள் மூன்று வாரம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். முதல் ஸ்லைடைத் தயாரித்தது நான். ஆய்வு என்று போட்டு எங்கள் மூவர் பெயரையும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் தரவு உதவி என்று அவள் பெயரையும் எழுதினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் தவறாகப் படவில்லை.

அடுத்த வாரம், வேறொரு பாடத்திற்காக ஹென்ரியேட்டா லெவிட்டின் வாழ்க்கையைப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது.

லெவிட் 1868-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஒரு பாதிரியார். பின்னாளில் ராட்கிளிஃப் கல்லூரி என்று பெயர் பெற்ற பெண்கள் கல்வி நிலையத்தில் 1892-இல் படிப்பை முடித்தார். பாடங்கள் ஹார்வர்டுக்கு இணையானவை. ஆனால் ஹார்வர்ட் அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. கடைசி ஆண்டில் படித்த வானியல் பாடம் அவரை ஈர்த்தது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் முதலில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். இடையில் நோய் வந்து, செவித்திறன் படிப்படியாகக் குறைந்தது. 1902-இல் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் அவரைச் சம்பளத்துடன் அழைத்துக்கொண்டார். மணிக்கு 30 சென்ட். மற்றப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்ததைவிட 5 சென்ட் அதிகம்.

அந்தப் பெண்களைக் கம்ப்யூட்டர்கள் என்றே அழைத்தார்கள். அன்று அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது. இரவில் தொலைநோக்கியை இயக்குவது ஆண்களின் வேலை. வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகளைப் பகலில் உருப்பெருக்கியால் ஆராய்வது பெண்களின் வேலை. தகட்டில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். வெவ்வேறு நாள்களில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி பெரிதாகிச் சிறிதாகிறது என்று லெவிட் தேடினார். ஒளி கூடிக் குறையும் அத்தகைய விண்மீன்களை மாறொளிர் விண்மீன்கள் என்பார்கள்.

அவர் ஆராய்ந்த தகடுகளில் பல, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், அரேகிப்பா நகரில் ஹார்வர்ட் நடத்திய கிளை நிலையத்திலிருந்து வந்தவை. அவற்றில் இருந்தவை மகெல்லன் மேகங்கள். நம் நாட்டில் இருட்டான இடத்துக்குப் போனால், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே அவை மங்கலாகத் தெரியும். மாசசூசெட்ஸிலோ அவை ஒருநாளும் உதிப்பதில்லை. லெவிட் வேலை பார்த்த ஊரின் வானத்தில் இல்லாத விண்மீன்களை, மேசையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக எண்ணினார்.

1908-இல் அந்த மேகங்களில் 1,777 மாறொளிர் விண்மீன்களைப் பட்டியலிட்டார். அவற்றில் 16 விண்மீன்களுக்கு ஒளி மாறும் கால அளவையும் கணக்கிட்டார். பிரகாசமானவை மெதுவாக மாறுகின்றன என்பது அவர் கண்ணில் பட்டது. 1912-இல் 25 விண்மீன்களுடன் அதை உறுதிப்படுத்தினார். ஒரு விண்மீன் ஒன்றேகால் நாளில் ஒரு சுற்றை முடித்தது. ஒன்றுக்கு 127 நாள் ஆனது. சுற்று நீள நீள, பிரகாசமும் கூடியது.

இதில் என்ன பெரிய விஷயம்? பட்டர்வொர்த் கரையில் நின்று பினாங்குத் தீவின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், பிரகாசமாகத் தெரியும் விளக்கு உண்மையிலேயே பிரகாசமானதுதான். மகெல்லன் மேகத்தின் விண்மீன்களும் அப்படியே. அப்படியானால், வேறெங்கோ இருக்கும் இதே வகை விண்மீன் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது என்று பார்த்தால், அதன் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். வானத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

அந்த 1912 அறிக்கையை லெவிட் தயாரித்தார் என்று முதல் வரியே சொல்கிறது. கையொப்பம் பிக்கரிங்குடையது. அளவுகோலை மேலும் செம்மைப்படுத்தியவர்கள் மற்றவர்கள். லெவிட்டுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வட துருவத்தை ஒட்டிய 96 விண்மீன்களின் பிரகாசத்தைத் துல்லியமாக அளப்பது. அதையும் குறைவில்லாமல் செய்து முடித்தார். 1921 டிசம்பர் 12-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 53.

இரண்டு ஆண்டுகள் கழித்து, எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமேடாவில் அதே வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். லெவிட்டின் அளவுகோலை வைத்தே, ஆண்ட்ரோமேடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவினார். 1925-இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர், நோபல் பரிசுக்கு லெவிட்டைப் பரிந்துரைக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அவர் இறந்துவிட்ட செய்தி சுவீடனுக்கு எட்டியிருக்கவில்லை. மறைந்தவரைப் பரிசுக்குப் பரிந்துரைக்க முடியாது.

என்னைத் தொட்டது பரிசு கிடைக்காமல் போனது மட்டுமல்ல. எண்ணுவது ஒரு வேலை, சிந்திப்பது வேறொரு வேலை என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஒழுங்கு லெவிட்டின் கண்ணில் பட்டதற்குக் காரணமே, ஒவ்வொரு புள்ளியையும் அவரே பார்த்திருந்ததுதான்.

இறுதி அறிக்கையை அனுப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். வரிகளைச் சரிபார்க்கும்போது ஏதாவது கவனித்தாளா என்றும் முதன்முறையாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் காத்திருப்பு நீள்கிறது என்றாள். நாங்கள் வாரத்தின் சராசரியை மட்டும் பார்த்ததால் அது எங்கள் வரைபடத்தில் மறைந்து போயிருந்தது. அறிக்கையில் அதற்குத் தனிப் பகுதி ஒதுக்கினோம். எழுதியவள் அவள். இம்முறை நான்கு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்வதற்கு முன், அவர் என்ன கண்டார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.