இல்லந்தோறும் வண்ணம் சேர்த்த ஓவியர் ரவிவர்மா

இறைவன் படைத்த இயற்கையில் வண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. நம் தஞ்சைத் தரணியையே எடுத்துக்கொள்வோம். ஆடியில் காவிரியில் பாய்ந்து வரும் புதுவெள்ளம் செம்மண் நிறம். நடவு முடிந்து சில நாளான வயல் இளம்பச்சை. தையில் தலைசாய்ந்து நிற்கும் கதிரோ பொன்மஞ்சள்! இவற்றைக் கண்டு மகிழ்வது எளிது. கண்ட வண்ணத்தைச் சிறிதும் மாறாமல் மற்றவருக்குக் காட்டுவதுதான் அரிது. அந்த அரிய செயலுக்காகத் தம் பொருளையும் உழைப்பையும் செலவிட்ட ஒரு பெரியாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம். அவர்தாம் ராஜா ரவிவர்மா.

ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திருவிதாங்கூர் நாட்டிலிருந்த கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். சிறு வயதிலேயே கரித்துண்டால் சுவர்களில் படம் வரைந்தார் என்பர். வீட்டார் கடிந்துகொள்ள, தாய்மாமன் ராஜராஜவர்மா மட்டும் சிறுவனின் திறமையைக் கண்டுகொண்டார். அந்த மாமன் நம் தஞ்சாவூர்ப் பாணியில் ஓவியம் தீட்டத் தெரிந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

பதினான்காம் வயதில் ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் ஆயில்யம் திருநாள் அவரை ஆதரித்தார். அப்போது எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டிற்குப் புதிது. அரண்மனையில் அதை அறிந்திருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் தம் நுட்பத்தைக் கற்றுத்தர விரும்பவில்லை. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். எந்த வண்ணத்தோடு எதைக் கலக்க வேண்டும், எண்ணெய் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பவற்றை ரவிவர்மா தாமே பலமுறை முயன்று கற்றார். ஆசிரியர் இல்லை என்று அவர் சோர்ந்து உட்காரவில்லை. மாணவியராகிய நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முயற்சிக்குப் பலன் கிடைத்தது. 1873இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்திற்குத் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் பரோடா மன்னருக்காகப் புராணக் காட்சிகள் 14 வரைந்தார். அவை அரண்மனைக்குச் செல்லுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அவருடைய ஓவியங்கள் பரிசு பெற்றன.

ஆனால் ஓர் ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்க முடியும். அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தை ஏழை உழவன் எங்ஙனம் காண்பான்? இக்குறையைத் தீர்க்க வழி சொன்னவர் நம் மண்ணைச் சேர்ந்தவர்! 1828இல் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் அவர். ரவிவர்மாவின் படங்களைத் தேடி வருவோர் மிகப் பலர். இரு கைகளால் அத்தனை பேருக்கும் வரைந்து தர இயலாது. ஆகவே தேர்ந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் முறையில் அச்சிடலாம் என்று அவர் யோசனை கூறினார். ரவிவர்மா ஒரு படி மேலே சென்றார். 1894இல் தம் தம்பி ராஜவர்மாவின் துணையோடு பம்பாயில் சொந்த அச்சகமே நிறுவினார். இயந்திரங்களும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர்.

ஓலியோகிராஃப் என்பது கல் அச்சு முறை. ஒரு வண்ணத்திற்கு ஒரு கல். தொழிலாளி மூல ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து, மஞ்சள் எங்கெங்கே, சிவப்பு எங்கெங்கே, நீலம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கல்லில் வரைவார். ஒரே தாள் அத்தனை கற்களின் மீதும் முறையாக ஏற வேண்டும். தாள் மயிரிழை விலகினாலும் உருவத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். மையின் கலவை சற்றே மாறினால் லட்சுமியின் சேலை வேறு சிவப்பாகிவிடும். முதல் தாளும் ஆயிரமாவது தாளும் ஒன்றுபோல் இருக்க எத்தனை பொறுமை வேண்டும்! நம் திருபுவனத்து நெசவாளர் ஒரு சேலைக்கு வேண்டிய பட்டு நூலை ஒரே சாயத்தில் தோய்த்தெடுப்பதை நாம் அறிவோம். மறு முறை தனியே தோய்த்தால் நிறம் அப்படியே ஒத்து வருவது அரிது. அதே கவலைதான் அந்த அச்சகத்திலும்.

லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை ஆகியோரின் படங்கள் ஊர் ஊராகச் சென்றன. மண் சுவர் வீட்டிலும் அவை மாட்டப்பட்டன. எனினும் அச்சகம் லாபம் தரவில்லை. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயும் தொழிலைத் தாக்கியது. அச்சகம் லோணாவாலாவுக்கு அருகே மாற்றப்பட்டது. கடன் சுமையால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பருக்கு அது விற்கப்பட்டது. அதன் பிறகும் ரவிவர்மாவின் பெயரில் படங்கள் வெளிவந்தன. ஆனால் அவற்றின் வண்ணத்தைச் சரிபார்க்க அவர் அங்கே இல்லை. தம் பெயர் இருந்தும் தம் வண்ணம் இல்லாத படத்தைக் காணும் ஓவியனின் வருத்தம் சிறியதா? 1905இல் தம்பியையும் இழந்த ரவிவர்மா, 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் காலமானார். 1972இல் அந்த அச்சகமும் தீக்கு இரையாயிற்று.

இக்காலத்தில் கல்லும் இல்லை, பிரஷும் இல்லை. கணினியிலேயே படத்தைத் திருத்துகிறோம். ஆனால் அதே தொல்லை மட்டும் தீரவில்லை! திருத்தும்போது பளிச்சென்றிருந்த பச்சை வயல், இணையத்தில் ஏற்றியதும் சோம்பிப் போகிறது. ஏன்? கணினிக்கு வண்ணம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் எண்ணிக்கைதான். எண்ணை மட்டும் சொன்னால் போதுமா? நம் முன்னோர் மரக்காலால் நெல் அளந்தனர். மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஐந்து மரக்கால் என்றால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்க வேண்டியிருந்தது. அதுபோல, இந்த எண்கள் எந்த அளவையில் சொல்லப்பட்டவை என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். அதற்குத்தான் கலர் புரொஃபைல் என்று பெயர். இதற்குப் பொது விதி வகுக்க 1993இல் பல நிறுவனங்கள் கூடி ஐசிசி என்னும் அமைப்பை ஏற்படுத்தின. 1996இல் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைக்கப்பட்டு, 1999இல் உலகத் தரமாயிற்று. புரொஃபைல் இல்லாத படத்தை இணைய உலாவிகள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி அளவையில் திருத்திய படம் அங்கே மங்கித் தெரிவது இதனால்தான்.

ஆகவே இணையத்திற்குப் படம் தரும் தோழியர் அதை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் உடன் சேர்த்துச் சேமித்தல் நன்று. திரையின் வண்ணத்தையும் அவ்வப்போது கருவி கொண்டு சரிசெய்ய வேண்டும். அச்சுக்கு அனுப்புவதாயின், ஒளியால் ஆன வண்ணம் மையில் முழுதும் வராது என்பதை உணர்ந்து, அச்சகத்தாரிடம் மாதிரித் தாள் ஒன்று வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

ரவிவர்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் தாம் கண்ட வண்ணம் கடைசி மனிதன் வீட்டிற்கும் அப்படியே சேர வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. அதற்காக அவர் பெரும் பொருளை இழந்தார். ஆனால் நம் நாட்டு மக்கள் தெய்வங்களை மனத்தில் காணும் உருவத்தையே படைத்துத் தந்துவிட்டுச் சென்றார். நாமும் ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் நிறம் குன்றாமல் கொடுக்கப் பழகுவோமாக!